வெர்லின் ஸ்டூக்கியின் புறா

ஓர் ஆள் கதவைத் திறந்து உள்ளே வருகிற தோரணையை வைத்தே அந்தக் கைக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்று சொல்லிவிடக் கூடியவர் மிசோரி மாநிலத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் வெர்லின் ஸ்டூக்கி. கையைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சுட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சம்பந்தப்பட்ட ஆளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியதுகூட இல்லை. இந்தத் தகவலை எங்களுக்குத் தந்தவரும் வெர்லின் ஸ்டூக்கிதான்.

எங்கள் ஊரான டர்னிப் ஸ்பிரிங்கில் இதை யாரும் மறுத்ததில்லை. முப்பத்தொரு வருஷம் மின்கம்பம் ஏறியவர் அவர். புயல் அடித்து ஊரே இருண்டு கிடக்கும்போது வெளிச்சத்தைத் தோளில் சுமந்து வந்த மனிதரோடு யார் தர்க்கம் செய்வார்? ஆகவே எங்கள் பக்கத்தில் முதல்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்குகிறவர்கள், கல்யாணத்துக்குப் பாதிரியாரை அழைப்பது மாதிரி வெர்லினைக் கடைக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. இதுவரை பன்னிரண்டு பேர் போயிருக்கிறார்கள். பதினொரு பெண்கள், ஒரு பாதிரியார். முதல் ஆள் அவர் மனைவி லோர்னா.

பன்னிரண்டு பேரையும் அவர் தனித்தனியாக, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார். பிறகு பன்னிரண்டு பேருக்கும் ஒன்றையே கைகாட்டினார். ஐந்து குண்டு போடுகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற, சுண்டுவிரல் கனமுள்ள குட்டை ரிவால்வர்.

"புதுசா வாங்கறவங்களுக்குச் சின்னதாத்தான் இருக்கணும். லேசா இருக்கணும்" என்பார். "நாய்க்குட்டி வளக்கறவன் முதல்லயே குதிரையா வாங்குவான்?"

பதின்மூன்றாவது ஆள் அவருடைய சொந்த மகள் ரெனே.

ரெனேவுக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து வான்கோழி ஆலையில் நின்றபடி எலும்பு நீக்கிக் கொண்டிருந்தாள். நிமிஷத்துக்குப் பதினான்கு கோழி, குளிரில், ஒரே வெட்டு, ஒரே திருப்பு. எட்டு வருஷத்தில் வலது மணிக்கட்டில் இரண்டு அறுவை சிகிச்சை. இனி அந்தக் கத்தியைப் பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நான்கு வான்கோழிக் கொட்டகைகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்குவதற்கு ஒரு தனி வீடு. பக்கத்து வீடு ஆறு மைல். ஷெரிஃப் ஆபீசில் ஃபோனை எடுத்தால் வண்டி வந்து சேர நாற்பது நிமிஷம், அதுவும் பாலத்தில் தண்ணீர் ஏறாமல் இருந்தால்.

முன்பு அங்கே இருந்தவர் தாடை உடைந்து வேலையை விட்டார். மார்ச் மாதம் செம்புக் கம்பி திருட வந்த மூன்று பேர் அந்தத் தாடையை உடைத்தார்கள். ரெனே நவம்பர் ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். இது நடந்தது அக்டோபர் மூன்றாவது வாரம்.

அக்டோபர் என்றால் எங்களுக்குக் காட்டு வால்நட். பச்சைத் தோலோடு எலுமிச்சை அளவில் மரத்தடியெங்கும் உதிர்ந்து கிடக்கும். குனிந்து பொறுக்கிச் சாக்கில் கட்டி டெல்பர்ட் கடைக்குக் கொண்டு போனால் பின்முற்றத்து இயந்திரம் தோலை உரித்துக் கொட்டையைத் துப்பும். அந்தத் தோலின் சாறு பட்டால் கை கறுத்துவிடும். சோப்பு, மண்ணெண்ணெய், ஜெபம் எதற்கும் போகாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊரில் எல்லோரும் கறுத்த கையோடுதான் கை குலுக்குவோம். டெல்பர்ட் கடை முன்பக்கம் இரும்புச் சாமானும் தீவனமும், நடுவில் பானை சட்டி, பின்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள். ஒரு மனிதன் பிறந்து சாகும் வரை தேவைப்படுவது எல்லாம் அங்கே கிடைக்கும். பொட்டலம் கட்டிக்கொடுக்க ஆள் மட்டும் இல்லை.

அந்த இயந்திரத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நிற்கும்போதுதான் வெர்லின் பேசுவார். அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த பொருள் ஷெல்பி.

ஷெல்பி டெல்பர்ட்டின் மருமகள், பாலர் வகுப்பு டீச்சர். செவ்வாய்க்கிழமைகளில் பள்ளி விட்டதும் கடையின் கிடங்கில் புதிதாகத் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று வருஷமாக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். முதல் வேலையாக வந்தவரின் கையைத் தீவனச் சாக்குத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவாள். விரல் நீளம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எவ்வளவு இடம் எல்லாம் அதில் குறிப்பாள். பிறகு நீலப் பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கி. நிஜத் துப்பாக்கி மூன்றாவது வாரம்.

"வான்கோழி வரையறாப்பா" என்றார் வெர்லின், வண்டியின் பக்கக் கதவில் சாய்ந்தபடி. "நம்ம புள்ளைங்க பாலர் வகுப்புல கையைத் தாள்ல வச்சு வரையுமே, கட்டைவிரல் தலை, மத்த நாலும் தோகைன்னு. அதேதான். துப்பாக்கி வாங்க வந்த பெரிய மனுசன் கையில கலர் பென்சிலைக் கொடுத்து உக்கார வைக்கறா. நாளைக்குத் தூக்கம் வந்தா பாயும் விரிச்சுக் கொடுப்பா."

"பத்துப் பேரு வர்றாங்க வெர்லின்" என்றார் டெல்பர்ட், இயந்திரத்துக்குள் சாக்கைக் கவிழ்த்தபடி.

"கையை அளந்து வாங்கறதுக்கு அது என்ன பூட்சா?"

"பூட்ஸுன்னா அளக்கணும்ல?"

"நான் பூட்ஸும் அளக்காமதான் வாங்குவேன்."

"அது உன் நடையிலயே தெரியுது" என்றார் டெல்பர்ட்.

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். வெர்லினும் சிரித்தார்.

சனிக்கிழமை ரெனேவைக் கடைக்கு அழைத்து வந்தார். அவளைக் கதவருகே நிறுத்தி, பெற்ற மகளை முதல் தடவை பார்ப்பது மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"டெல்பர்ட், அந்தக் குட்டையை எடு."

டெல்பர்ட் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, செத்த எலியைத் தூக்குவது மாதிரி இரண்டு விரலால் அதை எடுத்துப் பச்சைத் துணியின்மேல் வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சர்ச்சில் காணிக்கைத் தட்டு நீட்டுகிறபோது வைத்துக்கொள்ளும் முகம்.

"புதுசா?" என்றாள் ரெனே.

"கொஞ்சம் பழகுனது" என்றார் டெல்பர்ட். "ஆனா அதிகம் சுட்டதில்லை. ரொம்பக் கம்மி."

"பாத்தியா" என்றார் வெர்லின்.

ரெனே அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த இரும்புச் சட்டம் போட்ட நீளமான ஒன்றைக் காட்டினாள். "அதைக் கொஞ்சம் கையில வச்சுப் பாக்கட்டுமா?"

"அது பாரம் புள்ள."

"பாரமா இருந்தா உதைக்காதுன்னு ஷெல்பி சொன்னா. லேசா இருக்கறதுதான் கையை உதைக்குமாம்."

வெர்லின் டெல்பர்ட்டைப் பார்த்தார். டெல்பர்ட் கூரையைப் பார்த்தார்.

"நீ ஷெல்பிகிட்ட எப்போ பேசுன?"

"சும்மா. பால் வாங்கப் போனப்போ."

"ஷெல்பிக்கு அஞ்சு வயசுப் புள்ளைங்களுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியும். நான் பன்னெண்டு பேருக்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுத்தவன். ஒருத்தராவது குறை சொல்லியிருக்காங்களா? டெல்பர்ட், நீ சொல்லு. ஒருத்தராவது?"

"உன்கிட்ட யாரும் சொன்னதில்லை" என்றார் டெல்பர்ட்.

அது துல்லியமான பதில். அதன் துல்லியம் அப்போது வெர்லினுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, பன்றிக்கறி போட்ட பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அப்பாவும் மகளும் குளக்கரைக்குப் போனார்கள். கரை மண்ணில் ஐந்து காபி டப்பாக்களை வரிசையாக வைத்தார் வெர்லின். எங்கள் வீட்டு வேலியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். நாங்கள் வேலியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் குண்டு குளத்துக்குள் போனது. இரண்டாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மூன்றாவதற்கு முன்பே ரெனே கையை இறக்கிவிட்டாள். கட்டைவிரல் கவையில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அழுகை இல்லை என்று காட்டுவதற்காகக் குளத்தைப் பார்த்து நின்றாள்.

"டப்பா மேல படலேன்னா என்ன" என்றார் வெர்லின். "பயந்திருக்கும்ல?"

அவர் சிரித்தார். அவளும் சிரிக்க முயன்றாள்.

"நல்லா இருக்குப்பா" என்றாள்.

இதே வாக்கியத்தை அவரிடம் ஏற்கெனவே பன்னிரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.

அன்று பிற்பகல் வெர்லின் சமையலறை மேஜையில் ஒரு துணியை விரித்துத் திருப்புளியும் பேனாக்கத்தியுமாக உட்கார்ந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊராருக்கு இல்லை, குடும்பத்துக்கு மட்டும். பிடியின் மரக்கட்டையைக் கழற்றி, உள்பக்கத்தில் உடையவரின் பெயரின் முதலெழுத்தைக் கீறி மறுபடி மூடிவிடுவார். யாருக்கும் தெரியாது, துப்பாக்கிக்குத் தெரியும் என்பார். இதற்கு முன் லோர்னாவின் துப்பாக்கியில்தான் அப்படிச் செய்திருந்தார். அன்றைக்குக் கத்தி நழுவி வெட்டிய தழும்பு இடது கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

லோர்னா அடுப்படியில் நின்றாள். கடைசிப் பறிப்பு பீன்ஸைக் குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்க ஜாடிகளில் நிரப்பிப் பெரிய பிரஷர் பாத்திரத்தில் அடுக்கி மூடியிருந்தாள். அது சீறிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு திருகாணிதான். கழன்றது. மரக்கட்டையைத் திருப்பினார்.

உள்பக்கத்தில் ஓர் எழுத்து ஏற்கெனவே இருந்தது. ‘லோ’வுக்கான எழுத்து. கீழே ‘94’ என்று வருஷம். எழுத்தின் கால் கோணலாக இழுபட்டுப் போயிருந்தது, கத்தி நழுவிய இடத்தில்.

வெர்லின் தன் கட்டைவிரல் தழும்பைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். பாத்திரம் சீறியது.

"லோர்னா."

"ம்."

"உன் துப்பாக்கி எங்க?"

அவள் திரும்பவில்லை. "எந்தத் துப்பாக்கி?"

"உனக்கு எத்தனை துப்பாக்கி இருக்கு?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

"ஹேண்ட்பேக்குல இருக்கற உறையைக் கொண்டா."

கை துடைத்துக்கொண்டு போய் எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். இருபத்தொன்பது வருஷமாக அவள் தோளில் தொங்கிய தோல் உறை. சர்ச்சில் புதிதாக வருகிறவர்களிடம் வெர்லின் கண்ணாலேயே சுட்டிக்காட்டி, "என் வீட்டுக்காரிகிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லுவாரே, அது. அவர் ஜிப்பைத் திறந்தார். ஒரு கத்தரிக்கோல், இரண்டு நூல்கண்டு, பாதி தீர்ந்த பெப்பர்மின்ட் பாக்கெட்.

"எப்போ?"

"நீ கொடுத்ததுக்கு அடுத்த திங்கக்கிழமை."

"எதுக்கு மாத்துன?"

லோர்னாவின் பார்வை ஒரு விநாடி அடுப்புப் பக்கம் போய்த் திரும்பியது. வெர்லினும் பார்த்தார்.

"இந்தப் பாத்திரமா?"

"டெல்பர்ட் கடையில ரெண்டும் இருந்துச்சு."

"உங்க பெரியம்மா கொடுத்ததுன்னு சொன்ன."

"எங்க பெரியம்மா யாருக்காச்சும் எதையாச்சும் கொடுத்துப் பாத்திருக்கியா? நீயா நம்பிக்கிட்ட."

"இருபத்தொம்பது வருசமா நான் அந்த பீன்ஸைத் தின்னுருக்கேன்."

"நல்லா இருந்துச்சுன்னுதான் சொன்ன."

வெர்லின் மரக்கட்டையைத் துணியின்மேல் வைத்தார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லோர்னாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஐஸ் புயல் அடிச்ச வருசம்" என்றார். "மூணு வாரம் நான் ஊர்ல இல்லை. கம்பம் கம்பமா ஏறிட்டுக் கிடந்தோம். ராத்திரி ஸ்கூல் தரையில படுக்கறப்போ கூட இருந்தவனுங்க எல்லாம் வீட்டை நெனச்சுப் புரண்டுக்கிட்டு இருப்பானுங்க. நான் மட்டும்தான் தூங்குவேன். அவகிட்ட துப்பாக்கி இருக்குதுடா, எனக்கென்னன்னு சொல்லிட்டுத் தூங்குவேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லலை. ஈரத்துல கரண்டுக் கம்பியைத் தொடற மனுசன் தூங்கணுமில்ல."

"நீ தூங்குனியா?"

"நாய் இருந்துச்சு" என்றாள் லோர்னா. சற்றுப் பொறுத்து, "இல்லை" என்றாள்.

பாத்திரத்தின் நேரம் முடிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். சீறல் மெல்ல இறங்கியது.

"ரெனேவுக்குத் தெரியுமா?"

"நாளைக்குக் கொண்டு போய் மாத்திக்கலாம்னு இருந்தோம்."

"இருந்தோமா?"

"இருந்தோம்" என்றாள் லோர்னா.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது வெர்லின் வாசலில் நின்றார். டெல்பர்ட் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைத் தேடுவதில் தேவைக்கு அதிகமான நேரத்தைச் செலவழித்தார். வெர்லின் மரக்கட்டையை எழுத்து மேலே தெரியும்படி கவுண்டரில் வைத்தார்.

"எத்தனை பேரு?"

டெல்பர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காரு வெர்லின்."

"எத்தனை பேருன்னு கேட்டேன்."

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"ஒரு வாரம் பத்து நாள்ல கொண்டு வந்துடுவாங்க. வேற எதையாச்சும் எடுத்துக்குவாங்க. நான் இதை மறுபடி பெட்டியில வச்சிடுவேன். நீ அடுத்த ஆளைக் கூட்டிட்டு வருவே. பெட்டியைப் பாப்பே. இதையே காட்டுவே."

"பாதிரியாருமா?"

"அவரு மறுநாளே வந்துட்டாரு. உனக்காகக் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணிட்டுத்தான் போனாரு."

வெர்லின் ஸ்டூலில் உட்கார்ந்தார். மிசோரி மாநிலத்தில் எந்தத் துப்பாக்கியையும் பார்த்த மாத்திரத்தில் அறியக்கூடிய ஒரே மனிதர், ஒரே துப்பாக்கியைப் பன்னிரண்டு தடவை புதிதாகப் பார்த்திருந்தார். மகளோடு சேர்த்தால் பதின்மூன்று.

"அதுக்குப் பேரு இருக்குதா?" என்றார் திடீரென்று.

"என்ன பேரு?"

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியும் டெல்பர்ட். நொண்டிப் பூனைக்கும் பேரு வைக்கறவன் நீ."

டெல்பர்ட் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "புறா" என்றார். "எங்க விட்டாலும் திரும்பி வந்துடுதுன்னு. நாங்க சும்மா…"

"நாங்கன்னா?"

டெல்பர்ட் சும்மா இருந்தார். அது போதுமானதாக இருந்தது. எங்களைப் பொறுத்தவரை அதற்குமேல் அவர் சொல்லாதது உபகாரம்.

"பன்னெண்டு தடவை இதே துணியில எடுத்து வச்சியே. உனக்குச் சிரிப்பு வரலியா?"

"முதல் நாலஞ்சு தடவை வந்துச்சு" என்றார் டெல்பர்ட். "அப்புறம் வரலை."

"ஏன் சொல்லலை?"

"சொல்லிருந்தா நீ அடுத்த ஆளைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டே. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் நீ வண்டியைக் கழுவிட்டு, சட்டை மாத்திட்டு எங்கயாச்சும் போறேன்னா அதுக்கு மட்டும்தான்னு லோர்னா சொன்னா."

வெர்லின் எழுந்தார். தன்னைக் கேலி செய்தார்கள் என்றால் திருப்பிக் கேலி செய்ய அவருக்குத் தெரியும். இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. மரக்கட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த வாரம் அவர் தன் வால்நட் சாக்குகளை நாற்பது மைல் தள்ளி வேறு ஊருக்குக் கொண்டு போய் உரித்தார். உரித்ததில் கிடைத்ததைவிடப் பெட்ரோலுக்கு அதிகமாகியிருக்கும். லோர்னாவோடு உப்பு, கதவு, மழை ஆகிய மூன்று விஷயங்களைப் பற்றி மட்டும் பேசினார். பீன்ஸ் வைத்தால் ரொட்டியை மட்டும் தின்றார். சர்ச்சுக்குப் போகவில்லை. பாதிரியார் வந்து கதவைத் தட்டினார். வெர்லின் ஜன்னல் வழியாகவே, "ஜெபம் பண்ணியாச்சுல்ல, போங்க" என்றார்.

ரெனேவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "உனக்கு என்ன வேணுமோ வாங்கிக்க." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவள் வாங்கவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வால்நட் மரத்தடிக்கு வந்தாள். அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அவளும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தாள். இடது கையால்தான் பொறுக்கினாள்.

"புதன்கிழமை கெளம்பறேன்."

"தெரியும்."

"வெறுங்கையோட."

"கடையில நெறைய இருக்குது. உங்கம்மா இருக்கா. ஷெல்பி இருக்கா. ஊரே இருக்குது. என்னைக் கேட்டா வாங்கப் போற?"

"நீ பேசாம நான் வாங்க மாட்டேன்."

"மெரட்டறியா?"

"ஆமா."

அவர் ஒரு கொட்டையை வாளியில் எறிந்தார். தப்பி வெளியே விழுந்தது.

"நீயும் அவங்களோட சேந்துதான நின்ன. கடையில என் முன்னாடியே நின்ன. இது நம்ம அப்பன் இல்ல, ஒரு வேடிக்கைன்னு நெனச்சுத்தான நின்ன?"

"இல்லப்பா. நீ என்னைக் கண்ணைச் சுருக்கிப் பாத்தப்போ, இந்தத் தடவை பாத்துடுவேன்னு நெனச்சேன்." அவள் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் இரண்டு தழும்புகள் பக்கத்தில் பக்கத்தில், வெளிறிய கோடுகளாக. "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவையும் நீதான் வண்டி ஓட்டுன. அப்பாக்கு எப்பிடித் தெரியாம இருக்கும், இப்போ சொல்லுவாரு, அந்தப் பெரிய துப்பாக்கியை எடுன்னு சொல்லுவாருன்னு நின்னேன். நீ குட்டையை எடுன்னு சொன்ன."

வெர்லின் குனிந்தபடியே இருந்தார்.

"அதை நீ எப்பயாச்சும் சுட்டிருக்கியா?" என்றாள்.

"எதை?"

"பன்னெண்டு பேருக்குக் கொடுத்தியே. அதை."

வெர்லின் தப்பி விழுந்த கொட்டையை எடுத்து வாளியில் போட்டார். அவள் நிறைந்த வாளியை வண்டியில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை முற்பகல், லோர்னா கடைத்தெருவுக்குப் போன பிறகு, வெர்லின் அந்தக் குட்டைத் துப்பாக்கியோடு குளக்கரைக்குப் போனார். எங்கள் வேலி இன்னும் சரியாகியிருக்கவில்லை. காபி டப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை வைத்த இடத்திலேயே, ஒரு காயமும் இல்லாமல் நின்றன. கால்களை அகட்டி நின்று கையை நீட்டினார்.

முதல் குண்டில் அவர் தோள் வரை ஆடியது. இரண்டாவதற்குக் கையை உதறினார். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதற்கு முன்பு வெகுநேரம் நின்றார். முப்பத்தொரு வருஷம் குளிரில் கம்பியை முறுக்கிய விரல்கள் அவை, ஆள்காட்டி விரல் இரண்டாவது கணுவுக்குமேல் மடங்குவதில்லை. ஐந்தாவதையும் சுட்டார்.

ஐந்து டப்பாவும் நின்றன.

அவர் துப்பாக்கியைக் கரையில் வைத்துவிட்டு வலது கையை இடது அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டோம். சில விஷயங்களை வேலிக்குக்கூடத் தெரியவிடக் கூடாது.

செவ்வாய்க்கிழமை, கிளம்புவதற்கு முந்தின நாள், வெர்லின் வண்டியைக் கழுவினார். சட்டை மாற்றினார். வாசலில் நின்று, "ரெனே, வர்றியா?" என்றார். லோர்னா கேட்காமலேயே கோட்டை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள். வழியில் ஒரு பேச்சும் இல்லை. பாலம் தாண்டும்போது மட்டும் வெர்லின், "தண்ணி கொறஞ்சிருக்குது" என்றார். "ஆமா" என்றாள் லோர்னா. அந்த வாரத்தில் அவர்கள் நடத்திய நீண்ட உரையாடல் அது.

பள்ளியில் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொள்ளும் நாள் அது. ஷெல்பி நேராக அங்கிருந்து வந்திருந்தாள், உருண்டையான பூசணிக்காய் உடுப்போடு, தலையில் பச்சைக் காம்போடு. கிடங்கில் தீவன மூட்டைகளுக்கு நடுவே மடக்கு நாற்காலிகளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சர்ச்சில் பியானோ வாசிக்கும் அம்மாள் இருந்தாள். தபால்காரரின் மனைவி இருந்தாள். பாதிரியாரும் இருந்தார். வெர்லினைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

ரெனே முன்னால் போனாள். ஷெல்பி அவள் மணிக்கட்டைத் தன் இரு கைகளிலும் ஏந்தித் திருப்பிப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். மறுநாளே கிளம்புகிறவளுக்கு மூன்று வாரம் காத்திருக்க நேரமில்லை என்பதால் உடனே டெல்பர்ட்டை அழைத்து, அந்த இரும்புச் சட்டம் போட்ட நீளமானதைக் கொண்டுவரச் சொன்னாள். ரெனே இரண்டு கையாலும் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றாள். கை நடுங்கவில்லை. வெர்லின் அதைக் கதவருகிலிருந்து பார்த்தார், கண்ணைச் சுருக்காமல்.

டெல்பர்ட் திரும்பும்போது வெர்லின் எதிரே நின்றார். கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். பிடியின் மரக்கட்டை மறுபடி மாட்டப்பட்டிருந்தது. பதின்மூன்றாவது தடவையாகப் புறா திரும்பி வந்திருந்தது.

"வெர்லின்…" என்று ஆரம்பித்தார் டெல்பர்ட்.

"உன்கூட நான் பேசலை" என்றார் வெர்லின்.

சுவர் நெடுகக் கைகள் ஒட்டியிருந்தன, தீவனச் சாக்குத் தாளில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். பியானோ அம்மாளின் நீள விரல்கள். பாதிரியாரின் குட்டை விரல்கள். மூன்றாவது வரிசையில் ஒன்றின்முன் அவர் நின்றார். மோதிர விரலில் மோதிரத்தையும் சேர்த்து வரைந்திருந்தது. கீழே ‘லோர்னா’. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். லோர்னா பார்வையைத் தாழ்த்தவில்லை.

வெர்லின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஷெல்பி பூசணிக்காய் உடுப்பு மூட்டைகளில் உரச, பலகையோடும் தாளோடும் வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். "என்ன சார்" என்றோ, "நீங்களுமா" என்றோ கேட்கவில்லை. பலகையை அவர் மடியில் வைத்தாள்.

அவர் வலது கையைத் தாளின்மேல் வைத்தார். வால்நட் சாற்றில் கறுத்த கை. நான்கு விரல்கள் படிந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் தாளைத் தொடாமல் வளைந்து நின்றது. அவர் அதை அழுத்தப் பார்த்தார்.

"அப்படியே இருக்கட்டும் சார்" என்றாள் ஷெல்பி. "அது எப்படி இருக்குதோ அப்படியே வேணும்."

பென்சில் மணிக்கட்டிலிருந்து கிளம்பி, சுண்டுவிரலில் ஏறி இறங்கி, வளைந்த விரலுக்கு அடியில் மெதுவாக நுழைந்து வெளியே வந்தது. கையை எடுத்தபோது பென்சில் கோட்டுக்குள் தாள் கறுத்திருந்தது.

"பேரு நீங்களே எழுதிடுங்க சார்" என்று பென்சிலை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

வெர்லின் பெயரை எழுதினார். பென்சிலைத் திருப்பிக் கொடுக்க நிமிர்ந்தார். சுவரைப் பார்த்தார். ரெனே அந்தப் பாரமான துப்பாக்கியோடு முதுகு காட்டி நின்றாள். லோர்னா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தாளின்மேல் குனிந்து, கட்டைவிரல் நுனியில் சின்னதாக ஒரு கண் வைத்தார். கொஞ்சம் யோசித்து, அலகும்.